சுற்றுவழி

கரடியூரில் மலையேற வருபவர்களுக்கு வழிகாட்டும் அம்மணி அக்கா, பாறை குறுக்கிட்டால் செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் வழுக்கினால் வேறு வழிதான்.

அன்று என்னையும் என் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாறை வழியாகப் போனால் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம். காப்பித் தோட்டம் வழியாகச் சுற்றினால் பிடிக்க முடியாது. பாறையில் விரலை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

“சுத்தியே போலாங்க.”

“பஸ் போயிருமேக்கா! விரல்லயே ஜோசியம் பாக்கறீங்களா?” என்றான் எங்களில் ஒருவன்.

“ஆமாங் கண்ணு, மாவுக்கட்டுன்னு வருது. நட நட.”

சாலைக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. நண்பர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா சாலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த பஸ்ஸில்தான் அவர் மகள் வெண்ணிலா முதன்முதலாகத் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள் என்பதும், வழியனுப்ப வருவதாக அக்கா சொல்லியிருந்தார் என்பதும் அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.