வாடகைக் காரின் அடிப்பாகமும் ஆண்டிமடத்துக் கொள்ளுச் செடியும்

பொங்கல் முடிந்த மறுவாரம் ஆண்டிமடம் பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பஸ் மாறி மாறிப் படி ஏற முடியாது. அரியலூர் வரை ரயிலில் போய், அங்கே வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டுகிறேன் என்றேன். அண்ணன் செந்திலுக்கு அது பிடிக்கவில்லை. “வண்டில ஒரு கீறல் விழட்டும், அப்பறம் அம்மாவ ஒன்னோட எங்கயும் அனுப்பமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, மேற்பார்வைக்குத் தானும் கூடவே வந்தார். எனக்கு நாற்பது வயதாகிறது, லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருடம். ஆத்திரமாக வந்தது. கீறல் இல்லாமல் திரும்பிக் காட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ரயிலில் அரியலூரில் இறங்கியபோது அண்ணனின் கூட்டாளி ஒரு வெள்ளை போர்டு காரோடு காத்திருந்தார். நாள் வாடகை 1,500 ரூபாய்.

“போலீஸ் கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிடுங்க” என்றார்.

“இடிச்சுட்டா இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் அப்படியே சொல்லணுமாங்க?” என்று கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

வெள்ளை போர்டு, சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு விட்டது தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். நல்ல மனிதர்தான், ஆனாலும் நான் ஏறவில்லை.

டவுனில் விசாரித்து, கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகைக் காரைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு 2,200. இடித்தால் முதல் பதினைந்தாயிரம் நம் தலையில். ஒரு நாளைக்கு நானூறு கூடுதலாகக் கட்டினால் அது இரண்டாயிரமாகக் குறையும். கட்டினேன். “தெண்டச் செலவு” என்றார் அண்ணன். எதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றும் கேட்டேன். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றுக்கும் கிடையாதாம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் எதற்குமே கிடையாதாம். அண்ணன் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். “நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?” என்று அவர் வெளியே போய்விட்டார்.

அரியலூரிலிருந்து ஆண்டிமடம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு நிதானமாகப் போங்கள். ஜெயங்கொண்டத்தில் சாப்பிட்டோம், எண்பது ரூபாய்ச் சாப்பாட்டில் ரசம் அருமை. அதற்குப் பிறகு முந்திரித் தோப்புகள். பெரியம்மா ஊருக்குத் திரும்பும் கிளைச் சாலையில், அறுத்த கொள்ளுச் செடியை முழு அகலத்துக்கும் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அறுவடையானதும் இப்படித்தான். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். ஏற்றாமல் நிற்பது மரியாதை இல்லை.

நான் நின்றேன். செடி கிளறும் கவைக்கொம்பும் கையுமாக ஓர் அக்கா வந்தார்.

“ஏம்மா நிக்கிற? ஏத்திக்கிட்டுப் போ. நாலு வண்டி ஏறுனாத்தான கொட்டும்?”

“அடில சுத்திக்கிச்சுன்னா சைலன்சர் சூட்டுல பத்திக்கும்க்கா. வாடகை வண்டி. அடிப்பாகத்துக்கு இன்சூரன்ஸ் இல்ல.”

“பஸ்ஸே ஏறிப் போவுது. ஒங்க காருக்கு மட்டும் வவுறு வலிக்குதா?”

அண்ணன் இறங்கி என் பக்கம் வந்தார். “எறங்கு மலரு, சாவியக் குடு. நான் ஏத்திட்டுப் போறேன். மானம் போவுது.”

“மாட்டேண்ணே. நீங்க ஓட்டி ஒண்ணு ஆச்சுன்னா முழு வண்டிக்கும் காசு வராது.”

“அண்ணன விட ஒனக்குப் பேப்பர் பெருசாப் போச்சா?”

சுருக்கென்று தைத்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அக்காவிடம் கொம்பைக் கேட்டேன். “பாதி ரோட்ட ஒதுக்கிக்கிறேன்க்கா. வண்டி போனதும் நானே பரப்பித் தந்துடுறேன்.”

தூசியில் கழுத்தெல்லாம் அரித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “கொம்பு புடிக்கத் தெரியுதே!” என்று சிரித்துவிட்டு அவரும் கையால் அள்ளி ஒதுக்கினார். அண்ணன் கைகட்டி நின்றார். காரை அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, செடியைத் திரும்பப் பரப்பி முடித்ததும் அவர் மறுபடி கை நீட்டினார். “ஊருக்குள்ளயாவது நான் ஓட்டுறேன், குடு.”

காருக்குள்ளிருந்து அம்மா, “நீ வண்டில ஏறு செந்திலு” என்றார். ஏறினார்.

பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் பெரம்பலூர் வழியாக வாலிகண்டபுரம் கோயிலும் ரஞ்சன்குடிக் கோட்டையும் பார்த்தோம். கோட்டையில் நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். கார் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போர்டின் நிறத்தைப் பாருங்கள், கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், இன்சூரன்ஸில் என்ன கிடைக்கும் என்பதை விட என்ன கிடைக்காது என்று கேளுங்கள். ஓட்டப்போகிற எல்லார் பெயரையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அறுவடைக் காலத்தில் கிளைச் சாலைகளில் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டியிருக்கும்.

அரியலூரில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது வண்டி கொடுத்தவர் குனிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை. நான் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா வண்டி கொடுத்தவரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

“அடுத்த மாசம் கொலதெய்வம் கோயிலுக்குப் போவணும். இதே வண்டி கெடைக்குங்களா? எம்பொண்ணுதான் ஓட்டுவா.”