இரண்டு சிப்பாய் கூடுதல்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பரணிக்கு மார்க்கர் போடும் வேலை. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் பட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில், துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்க வேண்டும். நடுவே விரல் அகலம் சும்மா கிடந்தாலும் அவனுக்குக் கண் உறுத்தும். துணி வேஸ்ட் ஆகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். யாரும் சொல்லித் தரவில்லை. ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்துக்கொண்ட வேலை.

அவன் அடுக்கியதை வெட்டியவன் மாதவன், கட்டிங் மாஸ்டர். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் துணி ரோல் மேல் செஸ் போர்டை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் மாதவன் குடும்பத்தோடு எத்தியோப்பியாவில் ஒரு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனான். கிளம்பிய நாளில் ஆடிய ஆட்டம் முடியவில்லை. வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"இது டிராதாம்ப்பா," என்றான் மாதவன்.

"எனக்கு ரண்டு சிப்பாய் சேத்தி இருக்குது. எப்பிடி டிராங்கறே?"

"அப்ப ஜெயிக்கற வழியக் காட்டு. அன்னிக்கே டிக்கெட் போட்டு வந்து தோத்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அதன்பின் தீபாவளிகள் வந்து போயின, மாதவன் வரவில்லை. ஒருமுறை ஷிப்மென்ட் என்றான். இன்னொருமுறை, "வெள்ளகோவில் ஊட்ட வாடகைக்கு உட்டாச்சு, வந்தா எங்க தங்கறது?" என்றான். "எங்கூட்ல தங்கு" என்று பரணி சொல்லிப் பார்த்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தபின், ஜெயிக்கும் வழியைக் காட்டினால் வருவதாகச் சொன்ன அந்த விளையாட்டுப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் காய் நகர்த்தலைக் கணக்குப் போடும் செஸ் எஞ்சினை இறக்கி, பழைய ஆட்டத்தை விட்ட இடத்திலேயே அடுக்கினான். செட்டிங்கில் ஹேஷ் என்று ஒரு பெட்டி இருந்தது. எஞ்சின் ஒருமுறை ஆராய்ந்த நிலைகளைப் போட்டுவைக்கும் மெமரி அது. அங்கே இருந்தால் மறுபடி கணக்குப் போட வேண்டாம். பெட்டியில் பதினாறு எம்பி என்றிருந்தது. எட்டு ஜிபி கம்ப்யூட்டரில் மீதியெல்லாம் சும்மா கிடப்பதா? பரணி ஏழரை ஜிபியை அதற்கே கொடுத்தான்.

வெள்ளைக்கு 1.8 என்று காட்டியது, கிட்டத்தட்ட இரண்டு சிப்பாய் கூடுதல். வெள்ளை அவனுடையது. மதியம் வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மவுஸ் ஒட்டிக்கொண்டு நின்றதை, எஞ்சின் ஆழமாக யோசிப்பதாக எடுத்துக்கொண்டான்.

மனைவி ஜெயபாரதி கரண்ட் பில் பார்க்க வந்தாள். பக்கம் திறக்கவே இல்லை. "ஏனுங்க, இதென்னங்க இது, மூட்டு வலிக்காரன் படியேறுனாப்பல போகுது?"

அப்போதுதான் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதைக் கவனித்தான். கம்ப்யூட்டருக்கு மூச்சுவிட இடமில்லை. மெமரியில் நிற்க வேண்டியதெல்லாம் டிஸ்க்குக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ரொம்ப நெருக்கிய மார்க்கரை மாதவன் திருப்பி அனுப்புவது ஞாபகம் வந்தது. "கத்தி என்ன பறந்தா போகும்? எடம் உடப்பா."

பாதியை விட்டுவிட்டு, நாலு ஜிபி என்று மாற்றினான். அளவை மாற்றினால் அதுவரை சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். எஞ்சின் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆனால் இப்போது ஓடியது. 1.8 சீக்கிரம் 1.1 ஆனது. பொழுது சாயும்போது 0.4. ஆளுக்கொரு பிஷப், அவனுடையது வெள்ளைக் கட்டத்தில், மாதவனுடையது கறுப்பில். சிப்பாய்களை மறித்து நிற்கும் மாதவனின் ராஜாவையும் பிஷப்பையும் அசைக்க வழியில்லை. கடைசியில் 0.00, இருவரும் சமம் என்று வந்து நின்றது. எவ்வளவு நேரம் விட்டும் மாறவில்லை.

மாதவன் சொன்னதுதான் சரி. சொல்லிவிடலாம் என்று வீடியோ காலில் கூப்பிட்டான்.

"ஏப்பா, எஞ்சின் போட்டுப் பாத்தேன்..."

"எவ்வளவு மெமரி குடுத்தே?"

"நாலு ஜிபி."

"பத்தாதுப்பா." மாதவன் என்ன வந்தது என்று கேட்கவே இல்லை. திரையில் அவன் கண் வேறு பக்கம் பார்த்தது. "இன்னொரு எட்டு வாங்கிப் போட்டுப் பாரு. அதுக்குள்ள அவசரப்பட்டு முடிச்சுறாத."

பரணி கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதே சைபர்.

"ஆமாப்பா," என்றான். "பத்தாதாட்டத்தான் இருக்குது."

ஜெயபாரதி அடுப்படியிலிருந்து கேட்டாள். "அண்ணன் இந்தத் தீபாவளிக்கு வர்றாங்களாமா?"

"ஆட்டம் இன்னும் முடியலீங் கண்ணு," என்றான் பரணி.