பாக்கி இருபத்தொரு சுற்று

கப்பல் ஏறியதிலிருந்து நான் அதிகம் பார்த்தது கடலை அல்ல, கைக்கடிகாரத்தை. மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பயணம் அது. மூன்றாம் நாள் காலை திருகோணமலையில் இறக்கிவிட்டார்கள். பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று ஒலிபெருக்கியில் நான்கு தடவை சொன்னார்கள். ஒரு தடவை சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆட்டோ பிடித்துக் கோட்டையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுக் குன்றின் மேலிருக்கும் சிவன் கோயிலுக்குப் போனபோது பதினொன்று நாற்பது. இருபது நிமிடத்தில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன். மனைவி கைப்பையை என்னிடம் நீட்டினாள்.

“ஆடிச்சுத்துல இருபத்தொண்ணு பாக்கி வச்சிருக்கேன்லா. அதை இங்கன முடிச்சிருதேன்.”

எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவார்கள். போன ஆடியில் எண்பத்தேழு முடிந்ததும் இவளுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. எட்டு மாதமாக அந்தக் குறை மனதில் கிடந்திருக்கிறது.

“ஏட்டி, கப்பல் போயிரும்.”

“போனா போட்டும். இங்கனயும் தமிழ்தான பேசுதாவ, ஒரு வீடு பாத்து இருந்துக்கிடுவோம். நீங்க எண்ணுங்க.”

ஊரில் அவள் மடியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை இருக்கும். சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வருவாள். இங்கே கொட்டைக்குப் பதில் நான்.

ஆறு சுற்றுவரை எண்ணினேன். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி. அப்படியானால் பன்னிரண்டு இருபத்தாறுக்கு முடியும். துறைமுகத்துக்கு இருபது நிமிடம். மிச்சம் பதினான்குதான். டயர் பஞ்சரானால்? பாஸ்போர்ட் வேறு கப்பலில் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வியர்த்து வழிய என் முன்னால் வந்து நின்றாள்.

“எத்தனை?”

ஆறுக்குப் பிறகு நான் எண்ணியதெல்லாம் நிமிடங்களைத்தான். தெரியாது என்றால் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

“இருபத்தொண்ணு” என்றேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ஆட்டோவில் என் பதற்றத்தைப் பார்த்த ஓட்டுநர், “பயப்பிடாதேங்கோ ஐயா, நேரத்துக்கு விட்டிடுவன்” என்றார். சொன்னபடியே பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குக் கப்பலடியில் விட்டார். மேல்தளத்தில் உட்கார்ந்ததும் மனைவி காலை நீட்டி மடக்கினாள்.

“வலி கொஞ்சம் லேசாயிருக்கு, பாத்தியளா?”

நாற்பது நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்றுக்கு மேல் வராது. கரை விலகும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

“மூணு குறையுது” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவள் நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள்.

“முப்பத்தொரு வருசம் கணக்கு வாத்தியாரு! எண்ணிக்கை தப்புன பிள்ளைகளை என்ன அடி அடிச்சிய!”

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

“இந்த ஆடிக்கு நூத்தெட்டை நான் சுத்துதேன். பாக்கி மூணு உங்களுக்கு. பொய் சொன்னதுக்கு இன்னொரு நூத்தெட்டு.”

என் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆடிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.