தெற்கே பிள்ளையார்

எல்லையில்லாத பொருளை ஒரு கல்லிலே கண்டு, அந்தக் கல்லையே வயலுக்கு எல்லையாகவும் கொண்ட எங்கள் பேதைமையைப் பொறுத்தருளிய ஆனைமுகன் திருவடி போற்றி. ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியாகிய இன்று, அந்தக் கல்லின் முன் தேங்காய் உடைத்து, அன்புவழிபுரத்து வீட்டிற்குத் திரும்பி வந்து, விளக்கேற்றிய பின் இதனை எழுதுகிறேன்.

முழங்கால் உயரக் கருங்கல் அது. உளி படாதது. இடப்புறம் வளைந்த ஒரு புடைப்பைத் துதிக்கை என்று கண்டவர் யாரோ, அன்று முதல் அது பிள்ளையார். குச்சவெளிக்கு அப்பால், உப்புநீர்க் களப்பை ஒட்டிய எங்கள் வயலின் தெற்கு வரம்பில் இருந்தது. கல்லுக்கு வடக்கே வயல். தெற்கே வீடும் கிணறும். அவற்றைத் தாண்டித் தெரு. கடல் இரைவது கேட்கும் தூரத்தில் இருந்தும் உப்பேறாத கிணறு. அயலில் பாதிப்பேர் குடிதண்ணீருக்கு அங்கேதான் வருவார்கள்.

போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்களிடம் விதைநெல்லும் இல்லை, பழைய காணி உறுதிப் பத்திரங்களும் இல்லை, எல்லாம் எரிந்துபோயின. அப்பா வயலை மட்டும் வண்ணக்கரிடம் ஈடு வைத்தார். ஊர்க் கோயிலை நிருவகிப்பவருக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பட்டம். உறுதி எழுதும் நொத்தாரிசு எல்லை கேட்க, அங்கு எல்லோரும் சொல்லும் வழக்கப்படியே அப்பா சொன்னார்: வடக்கே களப்பு, தெற்கே பிள்ளையார். அளவு எதுவும் எழுதப்படவில்லை. சுவாமி இருக்கும்போது அளவு எதற்கு என்று நினைத்தோம்.

வண்ணக்கருக்கு அருமையான குரல். பதிகங்களைப் பண்ணோடு பாட எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரே. இன்றும் நான் பாடும்போது சில இடங்களில் அவருடைய இழைப்பு என் தொண்டையில் வந்து நிற்கிறது. அதையும் நான் வெறுக்கிறேன்.

ஈடு எழுதிய அடுத்த மாரியில் வயலும் வரம்பும் நீரில் மூழ்கின. வண்ணக்கர் குடையோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். “சுவாமி வெள்ளத்துக்குள்ள கிடக்கிறார், நாங்கள் கூரைக்குக் கீழ படுக்கிறம். இது நல்லதில்லைத் தம்பி. றோட்டோரமாய்க் கொண்டு வந்து வைப்பம். செலவை என்ர பக்கம் விடுங்கோ” என்றார். அப்பாவின் கண் கலங்கிற்று. நல்ல நாள் பார்த்துக் கல்லைப் பெயர்த்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தெற்கே, தெருவோரத்தில் இருத்தினார்கள். அம்மா பொங்கல் பொங்கினார். வண்ணக்கர் பாடினார். ஊரே உண்டு வாழ்த்திற்று.

தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. ஈட்டை மீட்க முடியவில்லை. வழக்கு, தீர்ப்பு, ஏலம் என்று போய் வண்ணக்கரே வயலை எடுத்தார். அளக்க வந்தவர்கள் களப்பில் தொடங்கினார்கள். பழைய வரம்பில் நிற்கவில்லை. வீட்டைக் கடந்தார்கள், கிணற்றைக் கடந்தார்கள், தெருவோரத்துப் பிள்ளையாரிடம் வந்து நின்றார்கள். உறுதியில் அப்படித்தானே இருந்தது.

அப்பா நீதிமன்றத்துக்கு ஓடினார். கல் இடம் மாறியதைச் சொல்லக் கூடியவர்கள் எல்லோரும் அந்தப் பொங்கலை உண்டவர்கள். எல்லோரும் வண்ணக்கரிடம் ஈடு வைத்தவர்களும்கூட. ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. கோயில் பூசகர் மட்டும் ஏறி, “சுவாமி இருக்கிற இடந்தானே சுவாமியின்ர இடம்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். வழக்குத் தோற்று வெளியே வந்தபோது படியில் வண்ணக்கர் சிரித்தார். “பிள்ளையார் தானாய் எழும்பி நடந்து வந்தவரோ, தம்பி?”

திட்டமிட்டா செய்தார் என்று இரக்கமுள்ளவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சுவாமி நனைவது அவருக்கு அதற்கு முன் எந்த மாரியிலும் தெரியவில்லை. ஈடு எழுதியபின் வந்த மாரியில் தெரிந்தது. அவ்வளவே என் விடை.

நாங்கள் வீட்டை விட்டு இறங்கிய காலையில் வண்ணக்கர் மேசன்மாரோடு வந்தார். தெருவோரம் மதில் எழுப்பி வாசற்படலை வைக்கப் போகிறார். கல் நடுவில் நின்றது. குரலைக் குழைத்து, “தம்பி, உங்கட குலதெய்வம். போற இடத்துக்கு நீங்களே கொண்டு போங்கோவன்” என்றார். அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு கல்லருகே போய்விட்டார். அப்பா தடுத்தார்.

“ஏலாது, வண்ணக்கர் ஐயா. இது எல்லைக் கல்லெண்டு கோட்டில ஏறிச் சொன்னது நீங்கள். இதை அசைச்சால் உங்கட உறுதி எங்க நிக்கும்?”

மேசன் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். மதில் கல்லருகே வந்ததும் உள்ளே ஒடுங்கி, வளைந்து, மீண்டும் நேரானது. படலை ஓர் ஓரத்துக்குப் போயிற்று. அப்பா இறக்கும்வரை வெள்ளிதோறும் பேருந்தில் போய், அந்த வளைவில் நின்று, வண்ணக்கரின் வாசலுக்குக் கேட்கும்படி தேங்காய் உடைத்து வந்தார்.

இப்போது வண்ணக்கரும் இல்லை. ஆண்டுக்கொருமுறை நான் போகிறேன். இன்று காலை பாடி முடித்தபோது, அவருடைய மகன் படலையைத் திறந்தார். “வெயிலுக்க நிக்கிறீங்கள் அம்மா. உள்ளுக்க வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

“குடிக்கிறன், தம்பி. எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டு வாங்கோ” என்றேன்.

அவர் தலை குனிந்து போய், மதிலுக்கு மேலால் கோப்பையை நீட்டினார். பிள்ளையார் பக்கத்தில் நின்று குடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னும் உப்பேறவில்லை.

இதை வாசித்த அனைவரும் நோயின்றி நீடு வாழ்க. உங்கள் கிணறுகள் வற்றாதிருக்க. உங்கள் தெய்வங்கள் நீங்கள் இருத்திய இடத்திலேயே இருக்க. வண்ணக்கரின் வழிவந்தோர் வாசித்தால் அவர்களுக்கும் என் வாழ்த்து உண்டு, மதிலுக்கு வெளியே நின்றபடி.