அழுக்குப் பக்கம்

ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் அம்மா எங்கள் ஆட்களிடம் சொல்லுவார். எந்தப் பகுதி என்று சொல்லமாட்டார். நிலத்துக்குக் கீழே, துணி துவைக்கிற இடம். அதற்குள்ளும் இரண்டு பக்கம் இருந்தது. சுத்தப் பக்கத்தில் துணி மடிப்பார்கள். அழுக்குப் பக்கத்தில் இரத்தமும் மலமுமாக வருகிற விரிப்புகளைப் பிரிப்பார்கள். அம்மா ஆறு வருடமாக அழுக்குப் பக்கம். விரிப்புக்குள் சிலவேளை ஊசி கிடக்கும். ஒருமுறை கையில் ஏறிவிட்டது. இரத்தம் சோதித்த முடிவு வரும்வரை அம்மா தனக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார்.

இது இரண்டாயிரத்து நாலில். சுத்தப் பக்கத்தில் ஓர் இடம் வந்தது. மூன்று முறை கேட்டிருந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. சேர்ந்து மூன்று கிழமையான வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தானே என்றாளாம் மேற்பார்வை செய்கிறவள்.

ஸ்ட்ரெதம் என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே நானும் அம்மாவும் இருந்தோம். பக்கத்து வீட்டு மாமா மலேசியாத் தமிழர். எங்கள் ஊர் ஆள் இல்லை என்பதால் அவரிடம் மட்டும் அம்மா எல்லாம் சொன்னார்.

"இதுக்கு சட்டம் இருக்கு அக்கா. இனம் பார்த்து வேலை பிரிக்கக் கூடாது. நான் எழுதித் தரேன்."

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் போனது. கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

"வேண்டாம். தமிழாள் வந்தால் நாளைக்கு நோர்பரியில இருக்கிற எங்கட சனம் முழுக்கக் கதை போயிடும். நீ வா," என்றார் அம்மா.

எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை என்று சந்தோசம்.

அறையில் ஒரு அதிகாரி இருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு கதிரை இழுத்துப் போட்டு பிஸ்கட் தந்தார். மேற்பார்வை செய்கிறவள் அப்படிச் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அம்மா தன் கையைப் பார்த்தார்.

"பரவாயில்லை," என்றார்.

இட்ஸ் ஓகே என்றேன் நான். அவர் எழுதத் தொடங்கினார்.

"பரவாயில்லை எண்டுதான் ஆறு வருசமும் இருந்தனான். இனி ஏலாது பிள்ளை."

அதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். எழுதினதை வெட்டச் சொல்ல எனக்குப் பயம். அம்மா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. மாமா வாசித்தார். அந்தப் பேச்சு தன்னைப் பாதிக்கவில்லை என்று அம்மாவே சொன்னபடியால் மேற்கொண்டு செய்ய எதுவும் இல்லையாம்.

"யாரு அக்கா இப்படிச் சொன்னது?"

"நான்தான் தம்பி."

எனக்கு மூச்சு வந்தது. அம்மாதானே சொன்னார்.

மாமா விடவில்லை. இதற்கென்று தீர்ப்பாயம் இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றார்.

"ஜெயிச்சிடலாம் அக்கா. அன்னைக்கு என்ன பேசினீங்கன்னு பாப்பாவையும் கூப்பிட்டுக் கேப்பாங்க, அவ்வளவுதான்."

"அப்ப வேண்டாம்," என்றார் அம்மா.

"இப்படிப் பயந்தா அவங்க இன்னும் மிதிப்பாங்க."

அம்மா தேத்தண்ணீர் போட எழுந்து போனார். அம்மாவுக்குப் பயம் என்று நானும்தான் நினைத்தேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இன்னும் நாலு வருடம் அம்மா அழுக்குப் பக்கம்தான் நின்றார். வேலையால் வந்து முழங்கைவரை கழுவிய பிறகுதான் என்னைத் தொடுவார்.

ஓகே என்ற சொல் அம்மாவுக்குத் தெரியும். கடையிலும் பஸ்ஸிலும் அவர் பேசின இங்கிலீஷே அதுதான். அந்த அறையில் நான் சொன்னதும் விளங்கித்தான் இருக்கும்.

என்னையும் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று மாமா சொன்னதற்கு அம்மா சொன்ன பதிலில், பதினொரு வயதில் எனக்கு 'வேண்டாம்' மட்டும்தான் கேட்டது. 'அப்ப' கேட்கவில்லை.