கக்கூஸ் பார்த்து வாங்கிய வீடு

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் மூக்குக்காரி. மூக்கு ஒன்றும் பெரிசு இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே முகம் கோணிப்போகும், அதனால் வந்த பேர். தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கல்யாணமான நாள் முதல் குடியிருந்தது வரிசை வீட்டில். ஐந்து குடும்பத்துக்கும் கோடியில் ஒரே கக்கூஸ். காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால், முன்னால் போனவர் ராத்திரி என்ன தின்றார், அது எப்படி ஜீரணமானது என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் திரும்ப வேண்டும். சுவரில் யாரோ துடைத்த சளி. குளிக்கிற இடத்தில் எவளுடையதோ முடி, நுரையோடு சுருண்டு கிடக்கும். துணிக் கம்பெனியில் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. அங்கே வருகிற சட்டை எதுவும் இன்னும் ஒரு உடம்பையும் தொட்டிருக்காது. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமையைவிடத் திங்கட்கிழமைதான் அவளுக்குப் பிடிக்கும்.

மகள்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போன பிறகு, ஒருவழியாக வீடு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. எலிப்பொந்தாக இருந்தாலும் சரி, தனக்கென்று ஒரு கக்கூஸ் வேண்டும், அதற்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனுஷன். எந்த இன்ஜினோடும் மல்லுக்கட்டுவார், அண்ணன் முன்னால் மட்டும் வாயே திறக்காது.

முதலில் பார்த்தது கால்வாய் ஓரத்தில், மூன்றாம் மாடியில், தீப்பெட்டி மாதிரி ஒரு வீடு. கால்வாய்த் தண்ணீர் தார் நிறத்தில் குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. காட்ட வந்த தரகரே கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இவள் நேரே கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன கறை வளையம் வளையமாகப் படிந்திருந்தது. ஆனாலும் தாழ்ப்பாள் நன்றாக விழுந்தது.

அதற்குள் புருஷனின் அண்ணன், அவளுடைய மூத்தாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தம்பி ஏன் சாக்கடை ஓரத்தில் போய் விழ வேண்டும், இரண்டு குடும்பமும் சேர்ந்து பெரிய வீடாக வாங்கலாமே என்று ஆரம்பித்தார். தோட்டம் வைத்த வீடு, கல்யாணமே நடத்தலாம் போல ஒரு ஹால். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மூத்தார், அவர் பெண்டாட்டியான ஓரகத்தி, இவர்கள் இரண்டு பேர் என்று நான்கு பேருமாகப் பார்க்கப் போனார்கள்.

வீடு அழகுதான், அதை அவளும் மறுக்கவில்லை. மூத்தார் ஹாலில் நடந்தபடியே அடித்தொண்டையிலிருந்து காறி, முகம் கழுவுகிற தொட்டியில் துப்பினார். குழாயைத் திறக்கவில்லை. அது மஞ்சளாக வழுக்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. ஓரகத்தி கூந்தலை அவிழ்த்துக் கோதி, கையோடு வந்த முடியை உருட்டி ஜன்னல் கம்பியில் செருகினாள். பிறகு மூத்தார் கக்கூஸுக்குள் போனார். கதவைச் சாத்தவே இல்லை, உள்ளேயிருந்தபடியே தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, ஈரக்கையைத் திரைச்சீலையில் துடைத்தார். வீடு இன்னும் இவர்கள் பேருக்குக்கூட வரவில்லை.

அவளுக்கு மீதி ஆயுள் முழுக்க அந்தத் தொட்டியில் வழுக்கி இறங்குகிற மாதிரி இருந்தது.

"மாமா, இந்த வீட்டுல கக்கூஸ் இது ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதாதாம்மா? நாமெல்லாம் ஒரே ரத்தம்."

"ரத்தம் ஒண்ணா இருக்கட்டும் மாமா. மத்ததெல்லாம் தனித்தனியா இருக்கட்டும்."

ஓரகத்தி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "மகாராணிக்கு நம்மளைக் கண்டா அருவருப்பா இருக்காம்."

"ஆமாக்கா" என்றாள் இவள். சமாளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி, அண்ணன் போய்விட்டு வந்த கக்கூஸுக்குள் போனார், போன வேகத்தில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, எனக்கு அந்தக் கால்வாய் வீடே போதும்ணே."

அன்றோடு போக்குவரத்து நின்றது. பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் விழுந்தான் என்று மூத்தார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மெக்கானிக்குக்கு அது உறுத்தல்தான், வீடு மாறுகிற வரை பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாவி கைக்கு வந்ததும் அவள் சாமானைக்கூடப் பிரிக்கவில்லை. ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், ஆசிட்டும் பிரஷ்ஷுமாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். முகம் தெரியாத யார் யாரோ விட்டுப்போன கறையைச் சுரண்டச் சுரண்ட, அவள் ஓங்கரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. புருஷன் கதவைத் தட்டி, தள்ளு, நான் தேய்க்கிறேன் என்றார்.

"வேணாம். மத்தவங்க அழுக்கைத் தேய்க்கறது இதோட சரி. நாளைலேர்ந்து இங்க படியற அழுக்கு உங்களோடது, அதை நீங்கதான் தேய்க்கணும்."

அவருக்கு அவசரமாக வந்தது, கேட்க வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போ கக்கூஸை நோக்கி நடந்தார்.