ஹார்ட் டிஸ்க் இல்லாமல் வந்த கடிதம்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எழுபத்து நான்கு வயதாகிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, அது ஏதாவது ஒரு ஒயரிலோ சில்லிலோ உட்கார்ந்திருக்கும் என்றுதான் அன்று மதியம் மூன்று மணி வரை இருந்தேன். இதைச் சொன்னால், மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டீர்களா என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நீங்களும் கேட்கலாம். தினமும் ஐந்து மாத்திரை, எண்ணித்தான் போடுகிறேன்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் பிலோமினா மதாம் வீடு. அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர், ஊருக்கே அவர் முசே. இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகள் கிளேர், பிரான்சில் இருக்கிறாள். அவளுடைய குடியுரிமை வழக்கில் சிக்கல். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது முசே அவளுக்காக ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தார். அதன் எண் தெரிந்தால் பழைய கோப்பைத் தேடி எடுத்துவிடலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று அவளுடைய வக்கீல் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு அவள் அந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த எண்ணைக் குறிப்பிட்டு முசே பிறகு எழுதிய ஒரு கடிதத்தின் தாள் நகல் வீட்டில் இருந்தது, அது ஒரு புயல் மழையில் கூழாகிப் போயிருந்தது. மிச்சம், முசே அந்தக் கடிதத்தை அடித்த பழைய கம்ப்யூட்டர். முப்பது வருடத்துப் பெட்டி. நான் போனது புதன்கிழமை.

"அண்ணே, முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. எம் பொண்ணு போன் பண்ணிக்கினே இருக்குது" என்றார் மதாம்.

"தொறந்து பாத்தாத்தான் மதாம் தெரியும்."

"தொறக்காம ஸ்க்ரூவ எண்ணிக்கினு இருக்கீங்களே, அதான் கேட்டேன்."

ஆறு ஸ்க்ரூ. ஒன்று துருப்பிடித்தது. எண்ணாமல் கழற்றினால் மூடும்போது ஒன்று குறையும், அது போர்டுக்கு அடியில் போய் விழுந்திருக்கும். இதை அவரிடம் விளக்கினேன். "சரி சரி" என்று கூடத்துக்குப் போய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

முசேயின் மேஜை சுவரைப் பார்த்து இருந்தது. கதவு என் முதுகுக்குப் பின்னால். சுவிட்சைப் போட்டதும் மூன்று பீப். மூன்று என்றால் மெமரி சரியில்லை. நான்கு மெமரித் துண்டுகளையும் பிடுங்கி, பென்சில் அழிக்கும் ரப்பரால் கால்களைத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கெட்டுப்போயிருந்தது. மற்ற மூன்றையும் மாட்டினேன். ஒரே பீப், திரையில் எண்கள் ஓடின. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. டக், டக் என்று பதினொரு முறை தட்டிவிட்டு நின்றுவிட்டது.

இப்படி ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். வெறும் போர்டு, மெமரி, திரை. அது சரியாக ஓடினால் பிறகு ஒவ்வொன்றாக மாட்டுவது. அப்படித்தான் சுவிட்சை அணைத்து, ஹார்ட் டிஸ்கை எடுத்துப் பழைய தினசரி மேல் வைத்தேன். கீபோர்டையும் பிடுங்கிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். கீபோர்டு இல்லை, டிஸ்க் இல்லை என்று திரையில் இரண்டு புகார் வர வேண்டும். வேறு எதுவும் வர வழியில்லை.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ஒரு புகாரும் வரவில்லை. திரை கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது, பிறகு ஒரு வரி வந்தது. பிரெஞ்சு. எனக்கு பிரெஞ்சு தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். அந்த வரியில் கிளேர் என்ற பெயர் இருந்தது.

முதலில் டிஸ்கைப் பார்த்தேன். தினசரி மேல்தான் கிடந்தது. அதற்குப் போகும் ஒயர் இரண்டும் காற்றில் தொங்கின. தொட்டும் பார்த்தேன். மெமரியில் மிச்சம் இருந்திருக்கும் என்பீர்கள், கரண்டை நிறுத்தினால் மெமரியில் ஒன்றும் நிற்காது. அணைத்துவிட்டு ஓடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அணைத்தால் அந்த வரி திரும்ப வருமா? அந்தப் பெண்ணுக்கு இருந்தது இரண்டே நாள். பேனாவை எடுத்தேன்.

முதல் வரியை எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கினேன். இரண்டாவது வரி வந்தது. அதை எழுதித் தூக்கினேன், மூன்றாவது வந்தது. தற்செயல் என்று நினைத்து நான்காவது வரியின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். நூறு வரை எண்ணினேன். எதுவும் வரவில்லை. முடித்துத் தூக்கியதும் ஐந்தாவது வந்தது. பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்து எழுதினேன்.

ஏழாவது வரியை எழுதினேன். அடுத்தது வராமல் அதே வரி திரும்ப வந்தது. சரிபார்த்தால், ஒரு எழுத்தின் தலையில் இருந்த சிறு கோட்டை விட்டிருக்கிறேன். போட்டேன், எட்டாவது வந்தது. பன்னிரண்டாவது வரியில்தான் அந்த எண். அதுவும் திரும்ப வந்தது. ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் நான் ஓர் இலக்கம் விட்டதில்லை.

மொத்தம் பதினெட்டு வரி. கடைசி வரி சின்னது, ஒரு சொல்லும் மூன்று என்ற எண்ணும். அதையும் எழுதியதும் திரை இருண்டது. அதன் பிறகு அந்தப் பெட்டி ஒரு பீப் கூடக் கொடுக்கவில்லை.

தாளை மதாமிடம் கொடுத்து, வந்த விதத்தைச் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாகப் போயிற்று.

"டிக்தே குடுக்கும்போது அவரு அப்பிடித்தான் அண்ணே. சொல்லச் சொல்லப் பிள்ளைங்க எழுதணும். எல்லாரும் பேனாவத் தூக்கினாதான் அடுத்த வரி. பின்னால நின்னு தோளுக்கு மேல பாத்துக்கினே இருப்பாரு."

"கடைசி வரி என்னா மதாம்?"

"தப்பு, மூணு." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "கீழ தப்பு எத்தினின்னு போட்டுத்தான் குடுப்பாரு. ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

அன்றே தாளைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாவது பிழை அந்த எண்ணில் இருந்தால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதாம் போன் செய்தார். எண் சரி, கோப்பு கிடைத்துவிட்டது, மூலக் கடிதத்தையும் என் தாளையும் வக்கீல் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறார். கடிதத்தின் பதினேழு வரியிலும் ஒரு புள்ளி கூடப் பிசகவில்லை. கிளேர் இப்போது அங்கேயேதான் இருக்கிறாள்.

தாளில் பிழை இல்லை என்றால், மூன்றாவதாக அவர் எதை எண்ணினார்? எட்டு மாதமாக யோசிக்கிறேன். இப்போதெல்லாம் மளிகைச் சீட்டு எழுதினாலும் சுவரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி உட்கார்ந்தும், ஒரு வரி முடிந்ததும் பேனாவைத் தூக்கப் பயமாக இருக்கிறது.